கருப்பொருள்: சொல் விளக்கம்

'இந்த நாவலின் கருப்பொருள் காதல்' என்று எழுதினால் அது பாதி விடைதான். காதல் அந்த நாவலின் பேசுபொருள். காதலைப் பற்றி நாவல் என்ன சொல்ல வருகிறது என்பதே கருப்பொருள். அதைச் சொல்ல ஒற்றைச் சொல் போதாது, ஒரு முழு வாக்கியம் வேண்டும்.

ஆங்கிலத்தில் இது தீம். 'வைக்கப்பட்டது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. பேசுவதற்காக எடுத்து முன்வைத்த விஷயம் என்று கொள்ளலாம்.

தமிழில் நிலைமை இன்னும் சுவையானது. தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு, அதாவது காதலைப் பாடும் பாட்டுக்கு, முதல், கரு, உரி என மூன்று பொருள்கள் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை கருப்பொருள். பின்னால் வந்த நம்பியகப்பொருள் என்ற இலக்கண நூல் இவற்றை 14 ஆக விரித்தது. புணர்தல், பிரிதல் முதலிய உணர்வுநிலைகளே உரிப்பொருள். அப்படிப் பார்த்தால், இன்று நாம் தீம் என்பதற்குப் பழைய இலக்கணத்தில் நெருங்கி நிற்பது உரிப்பொருள்தான்!

ஆனாலும் கரு என்ற சொல் வீணாக இங்கே வந்து சேரவில்லை என்றே நினைக்கிறேன். தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை அடித்தளமாகக் கொண்டுதான் உள்ளுறை உவமம், அதாவது வெளிப்படையாகச் சொல்லாமல் காட்சிக்குள் பொதிந்துவைக்கும் உவமை, பிறக்கிறது என்கிறது தொல்காப்பியம். குறுந்தொகையின் 8ஆம் பாட்டில், வயலோர மாமரத்தின் பழுத்த பழம் தானாக விழுகிறது. குளத்து வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. இந்தக் காட்சியில் 'போல' என்ற உவம உருபே இல்லை. தலைவன் தானே வலிய வந்து பரத்தையின் கைக்குள் விழுந்ததை அந்த மீனும் பழமுமே சொல்லிவிடுகின்றன.

நாவலிலும் இதே வேலை நடக்கிறது. ஒரு குடும்பக் கதையில் பழைய சாவி ஒன்று கைமாறிக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது வெறும் சாவி. அப்புறம் அதற்காக அண்ணன் தம்பி சண்டை. கடைசியில் வீடே விலைபோன பிறகும் ஒருவர் அதை விடாமல் வைத்திருக்கிறார். சாவி வரும் இடங்களை மட்டும் வரிசையாகக் குறித்துப் பாருங்கள்: 'உரிமை போன பிறகும் அதன் அடையாளத்தை மனிதர் கைவிடுவதில்லை' என்ற கருப்பொருள் தானே திரண்டு வரும். ஒருமுறை வந்து போனால் அது உவமை, உருவகம் அளவில் நின்றுவிடலாம். திரும்பத் திரும்ப வந்து பொருள் கூடினால் குறியீடு ஆகிறது.

சரி, எந்தச் சொல்லை எழுதுவது? நாவல் திறனாய்வில் கருப்பொருள் நன்றாக ஊன்றிவிட்டது, தயங்காமல் எழுதலாம். சங்கப் பாடலையும் சேர்த்துப் பேசும் கட்டுரை என்றால் குழப்பம் வரும். அங்கே மையக்கருத்து என்பதே நல்லது. கதைக்கரு வேறு. அது கதை முளைத்த விதை, ஒரு சம்பவமாகக்கூட இருக்கலாம்.