மினிமலிசம்: ‘இழிவியம்’ வேண்டாம், ‘மட்டு’ இருக்கிறது

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் அக்காவின் மகள் இந்த முறை உயர்தரம் எடுக்கிறாள், உயிரியல் பிரிவு. போன மாதம் ஒரு பின்னேரம் கொப்பியும் கையுமாக வந்து நின்று, “மாமா, மினிமலிசத்துக்குத் தமிழ் என்ன, கெதியாச் சொல்லுங்கோ” என்றாள். மினிமலிசம், அதாவது சாமான் குறைத்து வாழ்வது, படிக்கிற பிள்ளைகளுக்கு எப்படி உதவும் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம், தலைப்பில் ஆங்கிலச் சொல் வரக் கூடாதாம். ஒரு சொல்தானே, சொல்லி அனுப்பிவிடலாம் என்று இருக்கச் சொன்னேன். இரண்டு தேத்தண்ணி முடிந்தும் விஷயம் முடியவில்லை.

அவளே ஒரு சொல்லும் கொண்டுவந்திருந்தாள். “சாதாரண தரத்தில வரைபுக் கணக்கு செய்தநாங்கள்தானே, மினிமத்துக்கு இழிவுப் பெறுமானம் எண்டுதானே போடுறது. அப்ப மினிமலிசம் இழிவியமா?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் பிள்ளையின் கணக்கில் பிழை இல்லை. இலங்கைப் பாடப்புத்தகத்தில் மிகக் கூடிய பெறுமானம் உயர்வு, மிகக் குறைந்தது இழிவு. தமிழ்நாட்டில் அதையே பெருமம், சிறுமம் என்பார்கள். அவர்களுடைய மீச்சிறு பொது மடங்கு எங்களுக்குப் பொது மடங்குகளுட் சிறியது, சுருக்கிச் சொன்னால் பொ.ம.சி. இத்தனைக்கும் 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்து, திருகோணமலையில் பள்ளிக்கூட வேலையும் பார்த்த விபுலாநந்த அடிகள். பிறகு இங்கே அரசகரும மொழித் திணைக்களம் தன் பாட்டுக்குச் சொற்றொகுதிகளை வெளியிட, இரண்டு கரையும் இரண்டு வழியாகப் போய்விட்டன. இழிவு என்பது கணக்குக்கு நல்ல சொல்தான். இழிதல் என்றால் கீழே இறங்குதல், வரைபின் வளையியும் அங்கேதான் கீழே இறங்குகிறது. வகுப்பறைக்கு வெளியே வந்தால்தான் அது மானக்கேடாகிவிடுகிறது. “எங்கட வீட்டில எல்லாரும் இழிவியக்காரர்” என்று ஒரு பிள்ளை எழுதினால் தகப்பன் சும்மா விடுவாரா?

சரி, மூலத்தைப் பார்ப்போம். லத்தீனில் மினிமுஸ் என்றால் மிகச் சிறிய என்று பொருள். அதிலிருந்து மினிமம், மினிமல், கடைசியில் கிரேக்க வழியில் வந்த இசம் ஒட்டி மினிமலிசம். (மினிபஸ்ஸில் இருக்கும் மினி வேறு வழியாக வந்தது. அது மினியேச்சர் என்ற சொல்லிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. மினியேச்சருக்கு மூலம் மினியம், அதாவது அந்தக் காலத்துக் கையெழுத்துப் புத்தகங்களில் தலைப்பெழுத்துக்குப் பூசிய சிவப்பு ஈயச் சாயம். ஓசை ஒத்துப்போனதால் சின்னது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நிலாவெளிக்கு மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது யோசித்துப் பார்க்க நல்ல விஷயம்.)

அரசியலில்தான் சொல் முதலில் அடிபட்டது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில், எல்லாம் இப்போதே வேண்டும் என்றவர்கள் மாக்சிமலிஸ்ட், குறைந்தபட்சக் கோரிக்கைகளோடு நிற்போம் என்றவர்கள் மினிமலிஸ்ட். பிறகு 1965 இல் ரிச்சர்ட் வொல்ஹைம் என்ற மெய்யியலாளர் ‘மினிமல் ஆர்ட்’ என்று ஒரு கட்டுரை எழுத, ஓவியம், சிற்பம் பக்கம் சொல் நிலைத்தது. அடுத்த வருடம் கார்ல் ஆந்த்ரே என்ற அமெரிக்கர் 120 சூளைக் கற்களை நீள்சதுரமாக அடுக்கி வைத்து, இதுதான் சிற்பம் என்றார். லண்டன் டேட் கலைக்கூடம் அதை 1972 இல் காசு கொடுத்து வாங்கியது, 1976 இல் பத்திரிகைகள் அதைப் பிடித்து, சனத்தின் காசில் செங்கல்லா என்று கிழித்துத் தோரணம் கட்டின. மருமகளுக்கு இதைச் சொன்னபோது, “அது மேசன் வேலைதானே மாமா” என்றாள். இசை, கட்டடம் என்று சுற்றிவிட்டு, சாமான் குறைத்து வாழ்வது என்ற பொருளோடு அந்தச் சொல் எங்கள் வீடுகளுக்குள் வந்தது நேற்று முந்தநாள்தான், அதுவும் போனுக்குள்ளால். ஆகக் கலைக்கு ஒரு மினிமலிசம், வாழ்க்கைக்கு ஒரு மினிமலிசம். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவதில்தான் பாதிக் குழப்பம்.

கலைக்கு சிறுமவியம் பொருந்தும் என்று நினைக்கிறேன். சிறுமம், அதோடு இயம். மார்க்சியம், பெண்ணியம் என்று பழகிப்போன ஈறு. குறைமவாதம் என்றும் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு வாதம் என்றாலே பாரிசவாதமும் மூட்டுவாதமும்தான் ஞாபகம் வருகிறது, மருந்து எண்ணெய் மணக்கிற சொல். வாழ்க்கைக்கு எளிமை என்று போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் எளியவர் என்றால் ஏழை. வாங்க முடியாமல் இருப்பதும் எளிமை, வாங்க முடிந்தும் வேண்டாம் என்பதும் எளிமை. மினிமலிசம் இரண்டாவது வகை மட்டும். சிக்கனம் காசுப் பேச்சு. துறவு மிஞ்சிய சொல், உயர்தரம் எடுக்கிற பிள்ளையைக் காசிக்கு அனுப்பிவிடும்.

இதற்குள் அவள் அடுத்த சங்கதிக்குப் போய்விட்டாள். சுத்தத் தமிழ்ச் சொல்தான் வேண்டுமாம், பிறமொழிச் சொல் ஒன்றுமே கட்டுரையில் இருக்கக் கூடாதாம். நான் அவளுடைய படிக்கிற அறையை ஒருமுறை கண்ணுக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னேன். மேசை போர்த்துக்கீசு, கதிரை போர்த்துக்கீசு, அலுமாரியும் யன்னலும் பேனையும் போர்த்துக்கீசு, மேசையில் இழுக்கிற லாச்சி ஒல்லாந்தர் விட்டுப்போனது, கொப்பி ஆங்கிலம். இந்தத் துறைமுகத்துக்கு வந்தவன் போனவன் எல்லாரும் ஆளுக்கொரு சாமானையும் அதன் பெயரையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறமொழிச் சொல்லையெல்லாம் அறையிலிருந்து வெளியே தூக்கிப் போட்டால் பிள்ளைக்கு இருந்து படிக்க இடமே மிஞ்சாது, அதைவிடப் பெரிய மினிமலிசம் கிடையாது. சொல்லுக்கும் ஓர் அளவு வேண்டும்.

அந்த ‘அளவு’தான் வழி காட்டியது. அளவறிந்து வாழாதவன் வாழ்க்கை கெடும் என்று குறள் சொல்வது 479 ஆவது பாட்டில். அளவறிதல் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. அளவுக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு பேச்சுச் சொல் இருக்கிறது: மட்டு. கிழக்கில் மட்டு என்றால் உடனே மட்டக்களப்புதான் ஞாபகம் வரும், அவர்கள் பெயரைச் சுருக்கி அப்படித்தான் எழுதுகிறார்கள், திருமலைக்காரன் அதற்காகச் சொல்லை விட்டுக்கொடுக்க முடியுமா! மட்டு என்றால் அளவு, எல்லை. பழந்தமிழில் தேன், கள் என்ற பொருளும் உண்டு, திருச்சிராப்பள்ளி அம்மன் மட்டுவார்குழலி அந்தத் தேனால்தான். நமக்கு வேண்டியது அளவு என்ற மட்டு. மட்டாச் சாப்பிடு என்கிறோம். சம்பளம் மட்டுமட்டாத்தான் இருக்கு, ஆளை மட்டுக்கட்ட ஏலாமல் கிடக்கு என்கிறோம். இது இயத்தோடு சேராது. மட்டியம் என்றால் கடலில் பொறுக்குகிற மட்டியும், ஏச்சு வாங்குகிற மட்டியும்தான் கண்ணில் நிற்கும். மட்டான வாழ்வு, மட்டோடு வாழ்தல், இப்படி இரண்டு சொல்லாக வைத்தால் என்ன குறை? ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரு சொல்தான் இருக்க வேண்டும் என்று யார் கட்டளையிட்டது?

மட்டுவோடு உம் சேர்ந்தால் மட்டும். இந்த இடத்தில் எனக்கே புல்லரித்தது. மட்டும் என்றால் ஒன்று ‘இது தவிர வேறில்லை’: இரசாயனம் மட்டும். இன்னொன்று, எங்கள் பேச்சில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, ‘வரைக்கும்’: எட்டு மணி மட்டும். “எட்டு மணி மட்டும் இரசாயனம் மட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். என்ன படிப்பது, எங்கே நிறுத்துவது, இரண்டு வேலியையும் ஒரே சொல் கட்டிவிடுகிறது. மினிமலிசம் பேசுகிறவர்கள் எதை வைத்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகிறார்கள், எதுவரைக்கும் என்பதைத் தொட மறக்கிறார்கள். மேசையைத் துடைத்து வைத்துவிட்டு இரவு ஒரு மணி மட்டும் கண் எரிய முழித்திருக்கிற பிள்ளைக்கு அந்த மேசையால் என்ன லாபம்.

கதை சொல்லுக்கு வெளியே போனது இங்கேதான். அவளுடைய மேசையில் அப்போது மூன்று ரியூசன்காரரின் குறிப்புகள், பத்து வருடத்துக் கடந்தகால வினாத்தாள்கள், ஒன்பதோ பத்தோ நிறப் பேனை, ஒரு தண்ணீர்ப் போத்தல், போன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் பாதித்தாள் கோட்டையில் திரிகிற மான்களுக்குச் சாப்பாடாகிவிடும், பூட்டினால் வேர்த்துக் கொட்டும். அக்கா எல்லாவற்றையும் அள்ளி அலுமாரிக்குள் போட்டுவிட்டு, இப்ப மேசை துப்புரவு என்றார். அது மறைத்து வைப்பது, மட்டுப்படுத்துவது இல்லை. அடுத்தநாள் ஒரு தாளைத் தேட எல்லாம் திரும்ப மேசைக்கு வந்தது. கடைசியில் அவளே ஒரு வழிக்கு வந்தாள்: ஒரு வேளைக்கு ஒரு பாடம், ஒரு கொப்பி, ஒரு வினாத்தாள், நீலப் பேனை ஒன்று. மற்றதெல்லாம் முதுகுக்குப் பின்னால் தட்டில், கண்ணில் படாமல், ஆனால் பெயர் எழுதி.

போன்தான் பாடு. ரியூசன் குறிப்புகள் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன, ஆதலால் போனைத் தூக்கி எறி என்று அறிவுரை சொல்கிறவர் இந்தக் காலத்துப் பிள்ளையோடு ஒருநாளாவது இருந்து பார்க்க வேண்டும். பின்னேரம் ஒருமுறை குறிப்புகளை இறக்கி, வேண்டியதைப் போட்டோக்கொப்பிக் கடையில் எடுத்துக்கொள்வது, பிறகு படிக்கிற நேரம் மட்டும் போன் சாமி அறையில். அங்கே ஏன் என்று கேட்டேன். “அங்க போய் நிண்டு ஸ்குரோல் பண்ண வெக்கம் மாமா” என்றாள்.

இன்னொரு சொல்லும் அன்றைக்கு வந்தது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததுக்குப் போனால் மனசின் ஒரு பகுதி முந்தின வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதற்கு சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009 இல் ஒரு பெயர் வைத்தார். தமிழில் கவன எச்சம் எனலாம். காகத்தின் எச்சம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. எனக்கு ஞாபகம் வந்தது இலக்கண எச்சம்: ‘படித்து’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்கிறவர் மிச்சத்துக்காகக் காத்திருப்பார், அது வினையெச்சம், ‘முடித்தாள்’ போல ஒரு முற்று வந்தால்தான் ஆறும். பாதியில் எழும்பும்போது எங்கே விட்டேன், அடுத்தது என்ன என்று கொப்பி ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு எழும்பு என்றேன். அது முற்று இல்லை, முற்று வரும் என்ற உறுதி, அது போதும் மனசுக்கு. பாட்டும் கேட்டுப் படிக்க ஏலும் எண்டு, ஒரே நேரத்தில் எட்டு விஷயத்தில் கவனம் வைக்கிற அட்டாவதானத்தை இழுத்தாள், கெட்டிக்காரி. 1907 இல் சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு அவதானம் செய்து காட்டியது உண்மைதான். அது வருடக்கணக்கில் பழகின வித்தை பிள்ளை, இங்கே அவதானம் என்றால் கவனமாய் இரு என்று அர்த்தம் என்றேன்.

கட்டுரையில் ‘மட்டான வாழ்வு’ என்றே தலைப்பு வைத்தாள். திரும்பி வந்தபோது ரீச்சர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே ‘எளிமை வாழ்வு’ என்று எழுதியிருந்தார். எனக்குக் கொஞ்சம் கோபம், அவளுக்கு ஒன்றுமில்லை, புள்ளி நல்ல புள்ளிதான். அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் இருப்பது வேறு: “8 மணி மட்டும், ஒன்று மட்டும்.” போன கிழமை போனபோது எட்டுக்கு மேலே கோடு போட்டு ஒன்பது ஆக்கியிருந்தாள். பரீட்சை கிட்டுதாம்.