ஒரு சாண் உயரத்துல இருந்து விழுற பென்ஸ்

பழைய மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எல் ஸ்போர்ட்ஸ் கார் ரெண்டு, ஒண்ணு ஜெர்மனில வித்தது இன்னொண்ணு அமெரிக்கால வித்தது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாத்தீங்கன்னா கூடப்பொறந்ததுங்க மாதிரிதான் இருக்கும், என்ன ஒண்ணு, அமெரிக்கா வண்டிக்கு மட்டும் யாரோ முன்னாடியும் பின்னாடியும் திண்ணை கட்டி விட்டிருப்பாங்க. ஆர்107னு சொல்ற இந்த மாடல் 1971ல வந்து 1989 வரைக்கும் தயாரிப்புல இருந்துச்சு. ஐரோப்பா வண்டி நீளம் சுமார் 4.4 மீட்டர், அமெரிக்கா வண்டி சுமார் 4.6 மீட்டர். அந்த வித்தியாசம் மொத்தமும் பம்பர்தான். அதனால இப்ப இந்த கார் வெச்சிருக்குற அமெரிக்கக்காரங்க நிறைய பேர் திண்ணையை இடிச்சிட்டு ஐரோப்பா க்ரோம் பம்பரை மாட்டுறாங்க. அழகா இருக்கு, அதுல பேச்சே இல்ல. ஆனா கழட்டி மூலைல போடுற அந்த அசிங்கமான இரும்புக்குப் பின்னாடி என்ன இருக்குனு ஒரு தடவையாவது பாக்கணும்.

கதை ஆரம்பிச்சது சட்டத்துல. 1973 மாடல் வண்டிலேந்து அமெரிக்கால ஒரு ரூல்: மணிக்கு 5 மைல் வேகத்துல, அதாவது 8 கிலோமீட்டர்ல, முன்பக்கம் போய் செவுத்துல மோதினாலும் லைட்டு எரியணும், பெட்ரோல் சிஸ்டம் ஒழுகக்கூடாது. பின்பக்கத்துக்கு 2.5 மைல். அடுத்த வருஷமே பின்பக்கத்துக்கும் 5 மைல் ஆக்கிட்டாங்க, பம்பர் தரைலேந்து 16 முதல் 20 அங்குல உயரத்துல இருக்கணும்னும் சொல்லிட்டாங்க, அப்பதான் ரெண்டு கார் மோதினா பம்பரும் பம்பரும் சந்திக்கும்.

8 கிலோமீட்டர்னா சைக்கிளை விட மெதுவு, இதுக்கா இவ்ளோ பெரிய இரும்புனு தோணும். கணக்கு போட்டுப் பாருங்க. 1500 கிலோ வண்டி அந்த வேகத்துல சுமக்குற சக்தி கிட்டத்தட்ட 3750 ஜூல். அதே வண்டியை 25 சென்டிமீட்டர், நம்ம கணக்குல ஒரு சாண், தூக்கி தொப்புனு கீழ போட்டா வர்ற அடி இது. ஒன்றரை டன் கார் மூக்கு குத்தி ஒரு சாண் விழுது, ஹெட்லைட் உடையக்கூடாது. இப்ப புரியுதா?

இதுல தப்பிக்க ஒரே வழிதான், நிக்கிறதுக்கு தூரம் குடுக்கணும். 5 சென்டிமீட்டர் தூரத்துல நிறுத்தினா சராசரியா ஏழரை டன் விசை வண்டி மேல விழும், அதையே 1 சென்டிமீட்டர்ல நிறுத்தினா 38 டன். அதனாலதான் பம்பர் உடம்பை விட்டு தள்ளி நிக்குது. அந்த சந்து காலியா கிடக்குற இடம் இல்ல, பம்பர் உள்ள போறதுக்கு ரிசர்வ் பண்ணி வெச்ச இடம்.

சரி தூரம் குடுத்தாச்சு, நடுவுல ஒரு ஸ்ப்ரிங் போட்டா முடிஞ்சுதேனா, முடியல. ஸ்ப்ரிங் ஆரம்பத்துல லேசா எதுக்கும், கடைசில போயி முழு பலத்தையும் காட்டும், அதனால அதே தூரத்துக்கு உச்ச விசை சராசரியை விட ரெண்டு மடங்கு ஆயிடும், அது போதாதுனு வாங்கின சக்தியை அப்படியே திருப்பிக் குடுத்து வண்டியைப் பின்னாடி எகிற விடும். நமக்கு வேணுங்கறது ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் ஒரே சீரா எதுக்குற ஒரு சாமான். அதுக்குத்தான் எண்ணெய்.

பம்பருக்குப் பின்னாடி ரெண்டு தடி குழாய் இருக்கும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மாதிரி, பைக் ஷாக் அப்சார்பருக்கு சொந்தக்காரன்தான். வெளிக்குழாய்ல எண்ணெய், உள்குழாய்ல அழுத்தி அடைச்ச காஸ், நடுவுல ஒரு சின்ன ஓட்டை. மோதும்போது எண்ணெய் அந்த ஓட்டை வழியா பிதுங்கிக்கிட்டு போகணும். ஊசி போடுற சிரிஞ்சுல தண்ணி ரொப்பி மெதுவா அமுக்கினா பேசாம போகும், வேகமா அமுக்கினா கட்டை விரலே வலிக்கும்ல, அதே சங்கதி. வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு நாலு மடங்கு. ஆனா வண்டி நிக்க நிக்க வேகம் குறையும், எதிர்ப்பும் செத்துப் போகும். இதுக்கு செஞ்ச வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: சில டிசைன்ல ஓட்டை நடுவுல ஒரு முள்ளு, ஒரு பக்கம் ஒல்லி ஒரு பக்கம் குண்டு. குழாய் உள்ள போகப் போக முள்ளோட குண்டு பக்கம் வந்து ஓட்டையை அடைச்சுக்கிட்டே வரும். வேகம் குறையுது, வழியும் குறுகுது, விசை அப்படியே நிக்குது. எல்லாம் 45 மில்லிசெகண்டுல முடிஞ்சிடும், கண்ணு இமைக்கிறதுல பாதி நேரம் கூட இல்ல. அப்புறம் அமுங்கின காஸ் மெதுவா பம்பரை பழைய இடத்துக்கே தள்ளி விட்டுடும்.

இந்த பம்பரைக் கழட்டினா உயிருக்கு ஆபத்தோனு பயப்படுறவங்களுக்கு: 50 கிலோமீட்டர்ல மோதும்போது சக்தி 39 மடங்கு, அங்க இந்த குழாய் ஒரு கொசு. ஆளைக் காப்பாத்துறது பானட் பக்கம் மடங்கி நசுங்குற பாடிதான், அந்த யோசனையே பென்ஸ் இஞ்சினியர் பேலா பரேனி குடுத்தது. நீங்க இழக்குறது பார்க்கிங் லாட் பாதுகாப்பை.

அதுக்கு பதிலா கிடைக்கிறது அழகு மட்டும் இல்ல. ரெண்டு கோடியிலயும் எடை தொங்குனா வண்டி திரும்ப மல்லுக்கட்டும், காவடி தூக்கிக்கிட்டு சந்துல திரும்பிப் பாருங்க தெரியும். அதை எடுத்துட்டா மூக்கு சட்டுனு திரும்பும்.

மாத்துற வேலை கேக்க சுலபம். ஷாக்கோட, அதாவது அந்த எண்ணெய் குழாயோட, போல்ட்டை கழட்டு, பம்பரை ரெண்டு பேரா தூக்கு, அந்த இடத்துல ஐரோப்பா ப்ராக்கெட், அதுல க்ரோம் பம்பர். நாப்பது அம்பது வருஷ துரு ஏறின போல்ட்டு அவ்ளோ சீக்கிரம் வராது, அங்கதான் கைல கேஸ் கட்டர் எடுக்கத் தோணும். எடுக்காதீங்க. அந்த குழாய்க்குள்ள காஸ் அழுத்தமா இருக்கு, சூடு பட்டா வெடிச்சு பம்பரோட பறக்கும், எரியுற கார் கிட்ட தீயணைப்பு ஆளுங்க முன்னாடி நிக்க பயப்படுறது இதுக்கும்தான். மோதி உள்ளயே மாட்டிக்கிட்ட ஷாக்கும் அதே மாதிரிதான், நேருக்கு நேர் நிக்கவே கூடாது.

இன்னொரு கூட்டம் இருக்கு, காசு மிச்சம் பண்ண ஷாக்குல ஓட்டை போட்டு எண்ணெயை வடிச்சிட்டு பழைய பம்பரையே உள்ள தள்ளி இறுக்கிடுவாங்க. தூரமும் போச்சு எடையும் அப்படியே இருக்கு. இதுக்கு பேசாம திண்ணையையே வெச்சுக்கலாம்.

இதுல வேடிக்கை என்னன்னா 1983 மாடல்லேந்து அந்த ரூலை 2.5 மைலா பாதியாக்கிட்டாங்க, வேகம் பாதின்னா சக்தி கால்தான், ஒரு சாண் நாலு விரக்கடைக்கும் கீழ இறங்கிடுச்சு. ஆனா அமெரிக்கா போன எஸ்எல் மட்டும் 1989ல கடைசி வண்டி வரைக்கும் அதே திண்ணையோடதான் போச்சு.