வாசனை போனால் மருந்து போய்விடாது

போன வாரம் பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். காலை ஏழு மணி, பறிப்பு நடந்துகொண்டிருக்கிறது, இலையெல்லாம் மருந்துத் திட்டு. "எப்போ அடிச்சீங்க?" என்றால், "நேத்து சாயங்காலம் சார், வாசனை போயிருச்சே, அப்புறம் என்ன?" என்கிறார். இந்த மாதத்தில் இந்தப் பதிலைக் கேட்பது நான்காவது முறை.

அண்ணா, வாசனைக்கும் நஞ்சுக்கும் சம்பந்தமே கிடையாது. மூக்கில் ஏறுவது பல மருந்துகளில் கரைப்பானின் வாடைதான். அது காற்றோடு போய்விடும், மருந்து காயிலேயே இருக்கும். அதைவிட மோசம், உள்ளே பாயும் மருந்துகள். அசிபேட் என்ற பூச்சிமருந்து செடிக்குள் போனபின் ஒரு பகுதி மெத்தமிடோபாஸாக மாறுகிறது. ரோகர் என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்த டைமெத்தோயேட் ஓமெத்தோயேட்டாகிறது. இரண்டுமே அடித்த மருந்தைவிடக் கடுமையான நஞ்சு. வாசனை போய்விட்டது என்று நீங்கள் நிம்மதியாகக் கூடையில் நிரப்பும் நேரத்தில் உள்ளே நடப்பது இது.

பச்சை முக்கோணம் போட்ட டப்பாதானே, மறுநாளே பறிக்கலாம் என்பதும் தப்பு. அந்த நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்கிறது, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை அல்ல. அந்தக் கணக்கு டப்பாவோடு வரும் துண்டுத்தாளில் பயிர்வாரியாக இருக்கும். பொடி எழுத்துதான், பிள்ளைகளிடம் கொடுத்தாவது படிக்கச் சொல்லுங்கள்.

வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கழுவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, தோல்மேல் இருப்பதில் ஒரு பகுதி போகும். ஆனால் 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளில் சோதித்தபோது, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 12 நிமிடம் ஊறியதும் மேலே இருந்த தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி போய்விட்டது, ஒரே நாளில் உள்ளே இறங்கிவிட்ட சுமார் 20 சதவீதம் மட்டும் போகவில்லை. மாம்பழத்தையாவது தோல் சீவிச் சாப்பிடலாம், தக்காளியை யார் சீவுகிறார்கள்?

மாம்பழத்தில் எனக்குப் பயம் கொஞ்சம் குறைவு. கிருஷ்ணகிரிப் பக்கம் தத்துப்பூச்சிக்குப் பூக்கும் பருவத்தில் அடிப்பதற்கும் பெங்களூரா ரக மாங்காய் பறிப்பதற்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. பழ ஈக்குப் பயந்து கடைசி நேரத்தில் அடிப்பதுதான் சிக்கல். அதற்கு ஆண் ஈக்களை இழுத்துப் பிடிக்கும் மீத்தைல் யூஜினால் பொறியை முன்கூட்டியே கட்டிவிடுங்கள்.

தக்காளி அப்படியில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பறிப்பு, விட்டால் பழுத்து மண்டியில் விலை போகாது, எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: உள்ளே பாயும் மருந்தைக் காய் பிடிப்பதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். பறிப்பு தொடங்கியபின் அடித்தே ஆகவேண்டும் என்றால், காத்திருப்பு குறைவான மருந்தை எடுங்கள், நிறம் மாறியதையெல்லாம் முதலில் பறித்துவிட்டு அன்று சாயங்காலம் அடியுங்கள், தாளில் போட்டிருக்கும் நாள் முடியும்வரை தோட்டத்தில் கை வைக்காதீர்கள். அடித்த தேதியை மோட்டார் ரூம் கதவில் கரியால் எழுதுங்கள், கேட்டால் "போன வாரமோ என்னமோ" என்று சொல்லாதீர்கள்.

ஓரத்தில் நாலு செடியை வீட்டுக்கென்று மருந்தடிக்காமல் விட்டிருப்பதையும் பார்க்கிறேன். அப்படியென்றால் உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. அந்தக் காலையில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஆறு பேர், ஒருவர் கையிலும் உறை இல்லை, ஒன்பது மணிக்கு அதே வரப்பில் உட்கார்ந்து அதே கையால் சாப்பிட்டார்கள். தயவுசெய்து ஒரு குடம் தண்ணீரும் ஒரு சோப்பும் அங்கே வையுங்கள்.