குன்னூர் ஏலமும் நொடியில் பத்தில் ஒரு பங்கும்

அப்பா முப்பது வருடம் குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து எடை போட்டவர். ரிட்டயர் ஆன பிறகும், ஏல நாள் வந்தால் டஸ்ட், அதாவது பொடித் தேயிலை, என்ன விலைக்குப் போனது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. நான் ஒரு வலைதளம் நடத்துகிறேன். நீலகிரியில் எங்கே போகலாம், எந்த பஸ் பிடிக்கலாம், மழைக்கு என்ன எடுத்து வரலாம் என்று எழுதுகிற சின்னத் தளம். அதைப் பற்றி அப்பாவுக்கு நெடுநாளாக ஒரே சந்தேகம்.

"படிக்கிறவன் காசு தர்றதில்ல. நீயும் கடை கடையா ஏறி விளம்பரம் கேக்கறதில்ல. அப்புறம் அந்தப் பக்கத்துல ஸ்வெட்டர் விளம்பரம் எப்படி வருது? அதுக்கு வெலை வெக்கிறது யாரு?"

ஏலந்தாங்க அப்பா என்றேன். நம்பவில்லை.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஃபேக்டரிக்காரர் தூளை லாட் லாட்டாகப் பிரித்துப் புரோக்கரிடம் தருகிறார். புரோக்கர் சாம்பிளை ருசி பார்த்து, இந்தத் தோட்டம், இந்தத் தரம், இத்தனை மூட்டை என்று பட்டியல் போடுகிறார். வாங்குகிறவர்கள் பட்டியலைப் பார்த்து விலை கேட்கிறார்கள். முன்பு ஹாலில் உட்கார்ந்து கேட்டார்கள், இப்போது கம்ப்யூட்டர் திரையில் கேட்கிறார்கள். என் பக்கத்தில் நடப்பதும் இதேதான். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை இல்லை. ஒவ்வொருவர் பக்கத்தைத் திறக்கும்போதும், ஒவ்வொரு விளம்பரக் கட்டத்துக்கும் தனித்தனியாக ஓர் ஏலம்.

ஓர் ஏலத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இரவு பத்து மணி. திருப்பூரில் ஒருவர் 'கோடநாடு காட்சிமுனைக்கு எப்படிப் போவது' என்ற என் கட்டுரையைப் போனில் திறக்கிறார். எழுத்து திரையில் வந்துவிட்டது. நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் சிறு நிரல் ஒரு விளம்பரச் சந்தையைக் கூப்பிட்டு ஒரு சீட்டை நீட்டுகிறது: இன்ன பக்கம், தமிழ், ஆண்ட்ராய்டு போன், திருப்பூர் பக்கம், இரவு பத்து மணி. இந்த பிரவுசரை முன்பே எங்காவது பார்த்து அடையாள எண் கொடுத்திருந்தால் அந்த எண்ணும் சேர்ந்துகொள்ளும். புரோக்கரின் பட்டியல் மாதிரிதான் இந்தச் சீட்டு. சந்தை இதைப் பல வாங்கும் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறது. அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் நூற்றுக்கணக்கான விளம்பரதாரர்கள்.

ஒரு பேச்சுக்கு, ஸ்வெட்டர் கடை 3 பைசா கேட்கிறது. கடன் ஆப் 4 பைசா. கோத்தகிரியில் ரூம் வாடகைக்கு விடும் ஒரு தங்கும் விடுதி 6 பைசா. அந்த பிரவுசர் நேற்று விடுதிகளைத் தேடியது அதன் கணக்கில் இருந்திருக்கலாம். பதில் சொல்லக் கெடு ஏறக்குறைய 100 மில்லிநொடி, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பிந்தி வரும் கேள்விவிலை குப்பைக்குப் போகும். கண் இமைக்கும் நேரத்தில் என்று சும்மா சொல்வோமே, இது நிஜமாகவே அந்தக் கணக்கு. விடுதி ஜெயிக்கிறது, கட்டம் நிரம்புகிறது. திருப்பூர்க்காரர் அதற்குள் அடுத்த பத்திக்குப் போயிருப்பார்.

சரி, விடுதி எவ்வளவு கொடுக்கும்? 6 பைசா என்றுதானே தோன்றும். வெகுகாலம் அப்படி இல்லை. வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர் 1961-இல் ஒரு கட்டுரை எழுதினார். மூடிய கவரில் விலை கேட்கும் ஏலத்தில், அதிகம் கேட்டவருக்கே பொருள், ஆனால் அவர் கட்ட வேண்டியது இரண்டாவது ஆள் கேட்ட விலையை என்று வைத்துப் பாருங்கள் என்றார். அப்படி வைத்தால் யாரும் தந்திரமாகக் குறைத்துக் கேட்க வேண்டியதில்லை. தனக்கு அது எவ்வளவு பெறுமோ அதை உள்ளபடி எழுதுவதுதான் லாபம். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "இதுல என்ன பரிசு? ஹால்ல வாய்விட்டுக் கேக்கறப்பவும் அதானே? அடுத்தவன் நூத்திப் பத்தோட நின்னுட்டா, நூத்திப் பதினொண்ணு சொன்னாப் போதும். மனசுல நூத்தி முப்பது இருந்தா அது யாருக்குத் தெரியும்?" சரியாகப் பிடித்துவிட்டார். விலை ஏறிக்கொண்டே போகும் திறந்த ஏலத்தில் ஜெயித்தவர் கட்டுவது, இரண்டாவது ஆள் நின்ற இடத்துக்கு ஒரு படி மேலே. விக்ரி அதையே கவருக்குள் கொண்டுவந்தார். இணைய விளம்பரமும் பல வருடம் இந்த வழியில்தான் போனது. பிறகு நடுவே சந்தைகள் பெருகி, ஏலத்துக்குள் ஏலம் என்று கணக்கு குழம்பவே, சொன்ன விலையைக் கட்டு என்ற முறைக்கு ஒவ்வொருவராக மாறினார்கள். என் மாதிரித் தளங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2021-இல் மாறியது. இன்றைக்கு விடுதி 6 பைசாவே கட்டும். அதனால் எதுவரை குறைத்துக் கேட்டு ஜெயிக்கலாம் என்று ஊகிக்கிற வேலை வாங்கும் கம்ப்யூட்டர்களுக்குக் கூடியிருக்கிறது.

அந்தப் பணம் முழுசாக எனக்கு வராது. ஆட்சென்ஸ் கணக்கில், இடையில் போவது போக ஏறக்குறைய 68 விழுக்காடு தளத்துக்கு. சிறு தேயிலை விவசாயிக்கும் ஃபேக்டரிக்கும் இடையே தேயிலை வாரியம் வகுத்த பங்கு 65-க்கு 35. இந்த ஒற்றுமையைக் கேட்டு அப்பா முதல் தடவையாக என் தொழிலை மதித்த மாதிரி இருந்தது.

தமிழில் எழுதினால் காசு வருமா என்று பலர் கேட்கிறார்கள். ஆட்சென்ஸ் 2018-இல்தான் தமிழை ஏற்றுக்கொண்டது. வரும், ஆனால் குறைவு. காரணம் மொழி இல்லை, ஏல ஹாலில் இருக்கும் தலைகள். பத்துப் பேர் கேட்கும் லாட்டுக்கும் இரண்டு பேர் கேட்கும் லாட்டுக்கும் விலை ஒன்றாகவா இருக்கும்? அதே தமிழ்ப் பக்கத்தை டொரன்டோவிலிருந்து ஒருவர் திறந்தால் அங்கே கேட்கிற ஆட்கள் வேறு, விலையும் வேறு. ஏலத்துக்குப் போவது என் கட்டுரை இல்லை, அதைப் படிக்கிறவர் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. நீலகிரிப் பழங்குடிகளான தொதவர்களின் எருமைகளைப் பற்றி இரண்டு வாரம் அலைந்து எழுதினேன். எருமைக்கு யார் விளம்பரம் கொடுப்பார்? 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானபோது, அதை எடுப்பது எப்படி என்று எழுதிய பத்து வரிதான் அந்த மாதச் செலவைத் தாங்கியது. இ-பாஸ் தேடுகிறவர் ரூமும் தேடுவார் இல்லையா?

கணக்கையும் போட்டுவிடலாம். ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய் என்று வைத்தால், ஆட்சென்ஸ் பணம் அனுப்பும் குறைந்தபட்ச எல்லையான 100 டாலரைத் தொட இரண்டு லட்சம் பார்வைக்கு மேல் வேண்டும். சீசனில் பரவாயில்லை. ஆடி மாதக் காற்றில் கரண்ட் போய் நானே என் தளத்தைப் பார்க்க முடியாமல் கிடப்பேன்.

என் அத்தை இந்தக் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, தினமும் என் தளத்தைத் திறந்து கண்ணில் பட்ட விளம்பரத்தையெல்லாம் தட்டினார். பாசம். ஒரே போன், ஒரே ஊர், ஒரே நேரம், தட்டிய அடுத்த நொடியே திரும்பிவிடுகிற பழக்கம். கம்ப்யூட்டர் பிடித்துவிட்டது. மாதக் கடைசியில் அந்தப் பணத்தைக் கழித்துவிட்டார்கள். கணக்கை மூடாமல் விட்டதே பெரிய விஷயம்.

தளத்துக்குக் காசு வர இணைப்புக் கமிஷன் என்று வேறு வழியும் உண்டு. இதற்கு ஏலமே கிடையாது. ஊட்டியில் டூரிஸ்ட் வண்டி டிரைவர், வந்தவர்களை ஒரு சாக்லேட், யூகலிப்டஸ் தைலக் கடையில் இறக்கிவிடுவார். கடைக்காரர் வண்டி நம்பரைக் குறித்துக்கொள்வார். சாயங்காலம் விற்றதற்கு ஏற்ப கமிஷன். மழைக்காலத்துச் சோலைக்காட்டு நடையைப் பற்றி எழுதி, அட்டை கடிக்காமல் இருக்கப் போடும் சாக்ஸுக்கு ஓர் இணைப்புத் தந்தால் நானும் அந்த டிரைவர்தான். அந்த முகவரியின் வாலில் ஒட்டியிருக்கும் சில எழுத்துகளே என் வண்டி நம்பர்.

வாசகர் தட்டியதும் கடை அவருடைய பிரவுசரில் ஒரு துண்டுச் சீட்டை வைக்கிறது. அதன் பேர் குக்கி. 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி உருவாக்கியது. வலைதளத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, ஒவ்வொரு தடவையும் நீங்கள் அதற்குப் புது ஆள். அந்த மறதிக்கு மருந்துதான் குக்கி. 1996-இல் கமிஷன் திட்டத்தைத் தொடங்கிய அமேசானில், இந்தச் சீட்டுக்குப் பொதுவாக 24 மணி நேரம்தான் உயிர். அதற்குள் அவர் வேறொருவர் இணைப்பைத் தட்டினால் கடைசியாகக் கூட்டிவந்தவருக்கே கமிஷன். நான் மலை ஏறி, அட்டைக் கடி வாங்கி எழுதியிருப்பேன். தள்ளுபடிக் கூப்பன் தரும் தளம் ஒன்று வாசலில் நின்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விடும்.

கமிஷன் இணைப்பு என்பதைப் பக்கத்தின் மேலேயே சொல்லிவிட வேண்டும். பணம் வாங்கிப் பரிந்துரைப்பதை வெளியே சொல்லுங்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. டிரைவர் இதைச் சொல்வதில்லை என்பது வேறு கதை.

அந்தச் சீட்டில் இன்னொரு விசித்திரம் உண்டு. எதைக் காட்டி அனுப்பினேன் என்பது முக்கியமில்லை, உள்ளே போனவர் எதை வாங்கினாலும் கமிஷன் உண்டு. போன மாத அறிக்கையைத் திறந்து அப்பாவிடம் காட்டினேன். யார் வாங்கினார் என்று அதில் இருக்காது, என்ன வாங்கினார் என்று மட்டும் இருக்கும். சாக்ஸ் ஒரு ஜோடிகூட விற்கவில்லை. ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று விற்றிருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். "குக்கரப் பத்தி நீ எப்ப எழுதுன?"