கேமராவுக்குத் தண்ணீரில் கண்டம்

தை மாதம். நாங்குநேரிப் பக்கம் எங்கள் வயல் கிணறு இன்னும் நிரம்பித்தான் இருந்தது. புதிதாக வாங்கிய ஹவுசிங்கை, அதாவது கேமராவை உள்ளே வைத்துத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டை, முதலில் அங்கேதான் இறக்கினேன். உள்ளே கேமரா இல்லை, மடித்த டிஷ்யூ காகிதம் மட்டும். மிதக்காமலிருக்க அடியில் ஒரு கல். கயிற்றில் ஐந்தடிக்கு ஒரு முடிச்சு. ஆறு முடிச்சு இறங்கி, முப்பதடி ஆழத்தில் பத்து நிமிடம் கிடந்தது. தூக்கித் திறந்தால், டிஷ்யூ மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் படித்துறையில் கேமராவை உள்ளே வைத்து முழங்கால் தண்ணீரில் இறக்கினேன். பொரிக்குக் கூடும் மீன்களை எடுக்க ஆசை. இரண்டே நிமிடத்தில் கூட்டின் மூலையில் தண்ணீர் கோத்துக்கொண்டது. முப்பதடியில் புகாத தண்ணீர் ஒன்றரை அடியில் புகுந்துவிட்டது! நல்லவேளை, ஒரு ஸ்பூன் அளவுதான். கேமரா பிழைத்தது. திறந்து பார்த்தால் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையத்தின் மேல் துண்டிலிருந்து உதிர்ந்த ஒரு நூலிழை குறுக்கே படுத்திருந்தது.

அந்த வளையத்தை ஊரில் மோட்டார் பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் காட்டினேன். “இது நம்ம மோட்டார்ல போடுத ஓ-ரிங்லா தம்பி, இதுக்கா இவ்வளவு ரூவா?” என்றார். அதேதான். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற இயந்திரக் கலைஞர், எழுபது வயதுக்கு மேல் 1937இல் விண்ணப்பித்து 1939இல் காப்புரிமை வாங்கிய சங்கதி. ஒரு பள்ளத்துக்குள் அதைவிடச் சற்றுத் தடித்த ரப்பர் வளையம், அவ்வளவுதான். மூடியை அழுத்திப் பூட்டும்போது வளையம் நசுங்கி இடைவெளியை அடைக்கிறது.

ஆழம் போகப் போக இந்த அடைப்பு தளராது, இறுகும். தண்ணீரில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ வீதம் அழுத்தம் கூடுகிறது. என் ஹவுசிங்கின் பின்கதவு 15க்கு 10 சென்டிமீட்டர். கிணற்றில் முப்பதடியில் அதன்மேல் ஏறக்குறைய 135 கிலோ பாரம். இரண்டு ஆள் ஏறி நிற்பதுபோல அது கதவை உடலோடு சேர்த்து நெரிக்கிறது. வளையமும் பள்ளத்தின் மறுசுவரோடு ஒட்டிக்கொள்கிறது. உள்மூடிக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள், நீராவி தள்ளத் தள்ள மூடி இறுகும் அல்லவா? இங்கே தள்ளுவது வெளியிலிருந்து.

முழங்கால் தண்ணீரிலோ அந்தக் கதவின்மேல் ஏழு கிலோகூட இல்லை. அங்கே வளையத்தை அமுக்குவது பெரும்பாலும் கொக்கி மட்டும்தான். நூலோ தலைமுடியோ குறுக்கே கிடந்தால் அதன் இரு பக்கமும் மெல்லிய வாய்க்கால் ஒன்று திறந்தே இருக்கும். தண்ணீருக்கு அது போதும். ஆழத்தில் ரப்பர் அந்த முடியைச் சுற்றி நெரிந்து சிலசமயம் தானே அடைத்துக்கொள்ளும். அதை நம்பி இறங்க வேண்டாம், அடைக்காவிட்டால் அதே அழுத்தம் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். இப்போதெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் ஒரு நிமிடம் கூட்டை அமுக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். வெளியில் ஒட்டியிருந்த காற்று நாலைந்து குமிழிகளாகப் போய்விடும், அது சரி. ஒரே இடத்திலிருந்து சரம்போலக் குமிழி வந்தால் உடனே மேலே தூக்க வேண்டியதுதான்.

வளையத்துக்குத் தடவும் சிலிக்கோன் கிரீஸ்தான் தண்ணீரைத் தடுக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை, ரப்பர் வழுக்கிச் சரியாக உட்காரவே அது. பளபளப்புத் தெரிந்தால் போதும். அள்ளி அப்பினால் உவரிக் கடற்கரை மணலெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஹவுசிங்கோடு வந்ததையே தடவுங்கள். சில ரப்பருக்கும் சில கிரீஸுக்கும் ஆகாது, ஊதிப்போகும். வீட்டில் வைக்கும்போது கொக்கியைப் பூட்டாதீர்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த ரப்பர் திரும்ப எழும்பாது. எழும்பாத ரப்பர் என்ன செய்யும் என்பதை 1986 ஜனவரியில் உலகமே பார்த்தது. குளிரில் விறைத்த ஓ-ரிங்தான் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் முடிவுக்குக் காரணமானது.

தண்ணீர் புகாமலேயே உள்ளே ஈரம் வருவதும் உண்டு. படித்துறையில் 34 டிகிரி வெயில், காற்றில் 70 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 28 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் கோக்கும். ஆற்றுத் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்திருந்தால், முன்கண்ணாடியின் உட்புறம் ஜில் மோர் ஊற்றிய டம்ளர்போல வியர்த்துவிடும். படமெல்லாம் புகைமூட்டம். ஏசி அறையில் மூடி எடுத்து வந்தால் இந்தத் தொல்லை இல்லை. செருப்புப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடலாம், ஈரம் குடித்துத் தீர்ந்த பழைய பொட்டலமாக இருக்கக் கூடாது.

சரி, எல்லாம் காய்ந்தே இருக்கிறது. படம் எப்படி விழும்? மேலிருந்து பார்த்தால் கிணறு ஆழம் குறைவாகத் தெரியும் அல்லவா? தட்டைக் கண்ணாடி வைத்த ஹவுசிங்கிலும் அதே கதைதான். நான்கடி தள்ளி நிற்கும் மீன் மூன்றடியில் நிற்பதுபோலக் கேமராவுக்குத் தெரியும், அகலக் காட்சியும் சுருங்கும். சின்ன மீனை நெருங்கி எடுப்பவருக்கு இது லாபம். ஆற்றின் அடித்தளம் முழுவதும் வேண்டுமென்றால் தேங்காய் மூடிபோல உப்பிய கண்ணாடி தேவை. அதில் கதிர்கள் ஏறக்குறைய நேர்குத்தாக நுழைவதால் வளைவதில்லை, காட்சியும் சுருங்குவதில்லை.

அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த மூடியின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால், தண்ணீருக்குள் எவ்வளவு தூரத்தில் இருக்கும் பொருளும் கண்ணாடிக்கு முன்னால் 30 சென்டிமீட்டருக்குள்ளேயே பிம்பமாக நிற்கும். லென்ஸ் அவ்வளவு கிட்டத்தில் குவிய வேண்டும். குறுக்குத்துறையில் மேல்பாதியில் முருகன் கோயில் மண்டபம், கீழ்பாதியில் மீன் என்று ஒரே படத்தில் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மண்டபம் தூரத்தில், மீன் முழம் தூரத்துக்குள். அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் துவாரத்தை, f/11, f/16 என்று சுருக்கினால்தான் இரண்டும் ஓரளவு தெளியும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்கும். படித்துறை ஆழத்தில் அது பெரிதாகத் தெரியாது, கடலில் முப்பதடி போனால் சிவப்பு மீனும் சாம்பல் மீன்தான். பிளாஷ் அடிக்கலாம், ஆனால் லென்ஸுக்குப் பக்கத்திலேயே வேண்டாம். மிதக்கும் தூசியெல்லாம் பனிமூட்டத்தில் பஸ் ஹெட்லைட் போட்டதுபோல வெளுத்துத் தெரியும். கைநீளம் தள்ளிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

போன மாதம் பாபநாசத்தில் நாற்பது படம் எடுத்தேன். முப்பதில் மீனின் வால் மட்டும். கூட்டுக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை. கரைக்கு வந்து, சந்தோஷத்தில் தலைகூடத் துவட்டாமல் குனிந்து கதவைத் திறந்தேன். என் நெற்றி முடியிலிருந்து மூன்று சொட்டு நேராகக் கேமரா மேல் விழுந்தது.