கன் டிரக்: ஒரு லாரி எவ்வளவு இரும்பைத் தாங்கும்?

1/35 அளவு ராணுவ லாரி மாடல் கிட் ஒண்ண வாங்கி, அதுல வர்ற கவசத் தகட்டோட விளிம்ப பாருங்க, பொதுவா 1 மி.மீ. கிட்ட தடிமன் இருக்கும். பார்க்க மெல்லிசாத்தான் தெரியும். ஆனா 35-ஆல பெருக்கினா 35 மி.மீ. இரும்பு, அதாவது ஒரு சின்ன டாங்குக்கு போடுற தடிமன். கன் டிரக்னா வியட்நாம் போர்ல அமெரிக்க சரக்கு லாரிங்களுக்கு காவலா, கவசமும் மெஷின் கன்னும் ஏத்திக்கிட்டு ஓடின லாரி. நிஜத்துல அதுக்கு அடிச்சிருந்த தகடு 6 மி.மீ.லேர்ந்து 10 மி.மீ. வரைக்கும்தான், மாடல் அளவுல சொன்னா கால் மி.மீ. கிட்டதான் வரும். இந்த ஒரு வித்தியாசத்த பிடிச்சுக்கிட்டா அந்த வண்டி ஏன் அப்படி உருவாச்சுங்கறதே புரிஞ்சிடும், அதனாலதான் இத எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

கதை நடந்த இடம் மத்திய வியட்நாம். கடற்கரையில குவி நோன் துறைமுகம், மேல மலைநாட்டுல பிளேய்கு, ரெண்டையும் இணைக்கிற 19-ம் நம்பர் ரோடு, நடுவுல அன் கே கணவாய், மாங் யாங் கணவாய்னு ரெண்டு ஏத்தம். 1954 ஜூன்ல பிரெஞ்சுக்காரங்களோட 100-வது நடமாடும் படைப்பிரிவு இதே ரோட்டுலதான் பதுங்கித் தாக்கினதுல சிதைஞ்சு போச்சு. 13 வருஷம் கழிச்சு அமெரிக்காவோட 8-வது போக்குவரத்துப் பிரிவு லாரிங்க தினமும் அதே வழியில பெட்ரோல், குண்டு, சாப்பாடுன்னு ஏத்திக்கிட்டு போய் வந்துக்கிட்டு இருந்துச்சு.

1967 செப்டம்பர் 2, சாயங்காலம், சரக்க இறக்கிட்டு காலியா திரும்பி வந்த லாரி வரிசைய அன் கே பக்கத்துல வட வியட்நாம் படைக்காரங்க மடக்கிட்டாங்க. முன்னாடி போன ஜீப்ப முதல்ல அடிச்சாங்க, பின்னாடி வந்த லாரி எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா நின்னுடுச்சு, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், திருப்பவும் முடியாது. கொஞ்ச நேரத்துல 30 வண்டி வரைக்கும் எரிஞ்சோ சேதமாகியோ போச்சு, 7 பேர் செத்தாங்க, 17 பேருக்கு காயம். அந்த வரிசையில இருந்தவங்க பெரும்பாலும் டிரைவருங்கதான்.

இதுக்கப்புறம்தான் அந்தப் பிரிவோட தளபதி கர்னல் ஜோ பெல்லினோ முறையையே மாத்தினாரு. 10 லாரிக்கு 1 கன் டிரக்னு கணக்கு. சாதா லாரி மாட்டிக்கிட்டா நிக்காம அந்த இடத்த விட்டு வெளிய ஓடணும், கன் டிரக் மட்டும் அடி விழுற இடத்துக்குள்ளயே போய் நின்னு சுடணும். கேட்க சுலபமா இருக்கு, ஆனா உள்ள போய் நிக்கிற வண்டி தாங்கணுமே, அங்கதான் எடைக் கணக்கு வந்துச்சு.

முதல்ல எடுத்தது எம்35, இரண்டரை டன் லாரி. பின்னாடி தொட்டியில மணல் மூட்டைய சுவர் மாதிரி அடுக்கி, பலகை வெச்சு முட்டுக் கொடுத்து, 2 எம்60 மெஷின் கன்னும் ஒரு கையெறி குண்டு லாஞ்சரும் வெச்சாங்க. மணல் தோட்டாவ நல்லாவே நிறுத்தும், ஒவ்வொரு மணியும் கொஞ்சம் கொஞ்சமா வேகத்த உறிஞ்சிடும், காசும் ஆகாது. பிரச்சினை மழைதான். மலைநாட்டுல பருவமழை பிடிச்சா மூட்டை தண்ணிய குடிச்சுக்கிட்டே இருக்கும், காலையில கிளம்பும்போது இருந்த எடை மத்தியானத்துக்குள்ள இன்னும் ஏறிடும், ஏத்தத்துல இன்ஜின் திணறும், அச்சும் ஸ்பிரிங்கும் உடையும். அதனால மூட்டைய தள்ளிட்டு இரும்புத் தகடுக்கு வந்தாங்க.

இரும்புல என்ன ஆகும்னு நாமளே உத்தேசமா போட்டுப் பார்க்கலாம். 10 மி.மீ. தகடு 1 சதுர மீட்டர் எடுத்தா 78 கிலோ. 5 டன் லாரியான எம்54-ஓட தொட்டி 14 அடி நீளம், 7 அடி அகலம், அத சுத்தி 1.2 மீட்டர் உயரத்துக்கு சுவர் எழுப்பினா 15 சதுர மீட்டர் ஆகும், அதாவது ஒன்னேகால் டன் கிட்ட. ரெட்டைச் சுவர்னா இரண்டரை டன். எம்35-ஓட மொத்த தாங்குதிறனே கரடுமுரடு பாதையில அவ்வளவுதான், இன்னும் துப்பாக்கி, ஆள், குண்டு எதுவும் ஏத்தவே இல்ல! 12.7 மி.மீ. பிரவுனிங் மெஷின் கன்னுக்கான தோட்டா 100 இருக்கிற ஒரு பெட்டியே 16 கிலோ கிட்ட வரும், 50 பெட்டி வெச்சா 800 கிலோ. அதனாலதான் எம்54-க்கு மாறினாங்க, வேற வழியே இல்ல.

ரெட்டைச் சுவர் எதுக்குன்னா, ஒரே தடிமனா 20 மி.மீ. போடுறதும், இடைவெளி விட்டு ரெண்டு 10 மி.மீ. போடுறதும் எடையில ஒண்ணுதான், ஆனா வேலை செய்யுற விதம் வேற. முதல் தகட்ட துளைச்சு வர்ற தோட்டா முனை நசுங்கி, நிலை தடுமாறி, குறுக்கா புரண்டுக்கிட்டு வரும், அப்படியே ரெண்டாவது தகட்டுல அகலமா மோதும்போது அதே விசை பெரிய பரப்புல பரவிடும், துளைக்க முடியாது. எதிரிங்க தோள்ல வெச்சு சுடுற பி-40 ராக்கெட்டுக்கு இந்தக் கணக்கு பத்தாது, அதோட வெடிமருந்து உலோகத்த ஒரு ஈட்டி மாதிரி பீய்ச்சி அடிக்கும், வெளிச்சுவர்லயே வெடிச்சாலும் அந்த ஈட்டி உள்ள வரும். அப்படியும் உள்ள நின்னு சுட்டாங்க பாருங்க, அந்தப் பசங்கள நினைச்சா மனசு கனத்துப் போகுது. 1971 பிப்ரவரி 23 அன்னிக்கு அன் கே பக்கத்துல 'புரூட்டஸ்'ங்கற கன் டிரக்ல இருந்த லாரி டால்ங்கற பேருள்ள சிப்பாய், உள்ள வந்து விழுந்த கையெறி குண்டு மேல தானே விழுந்து கூட இருந்தவங்கள காப்பாத்திட்டு செத்துப் போனாரு, அவருக்கு அமெரிக்காவோட மிக உயர்ந்த மெடல் ஆஃப் ஹானர் கிடைச்சுது.

இந்த வண்டி எதுவும் தொழிற்சாலையில வரைஞ்சு செஞ்சது இல்ல. எங்கயாவது கிடைச்ச தகட்ட அவங்க ஒர்க் ஷாப்லயே வெட்டி வெல்டு வெச்சு, பல வண்டிக்கு கருப்பு பெயின்ட் அடிச்சு, பெரிய எழுத்துல பேர் எழுதிக்கிட்டாங்க. சில பேர் அடிபட்டுப்போன எம்113 கவச வண்டியோட அலுமினிய உடல அப்படியே தூக்கி லாரி மேல உக்கார வெச்சாங்க. போர் முடிஞ்சதும் ஒண்ணே ஒண்ணு தவிர எல்லாமே போயிடுச்சு, 'ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்'ங்கற எம்54 மட்டும் விர்ஜீனியாவுல ஃபோர்ட் யூஸ்டிஸ் போக்குவரத்து அருங்காட்சியகத்துல நிக்குது. அப்புறம் ஈராக் போர்ல இதே தேவை திரும்ப வந்தப்ப அமெரிக்காவோட லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் லாரிக்கு கவசப் பெட்டி செஞ்சு அனுப்புச்சு, அதுக்கு முன்மாதிரியா எடுத்துக்கிட்டது வியட்நாம் கன் டிரக்கத்தான்.

சரி, மாடலுக்கு வருவோம். 1/35ங்கற அளவே ஒரு விதத்துல தற்செயல்தான், 1960-கள் ஆரம்பத்துல ஜப்பானோட டாமியா மாடல் கம்பெனி மோட்டார்ல ஓடுற பாந்தர் டாங்க் செஞ்சப்ப உள்ள பேட்டரி அடங்குற மாதிரி அளவு வெச்சாங்க, அளந்து பார்த்தா 35-ல ஒரு பங்கு வந்துச்சு. தைவானோட ஏஎஃப்வி கிளப்ங்கற மாடல் கம்பெனி இந்த அளவுல எம்35, எம்54 ரெண்டுமே போட்டிருக்காங்க. நான் கவசத்துக்கு கிட்ல வர்ற தகட்ட வெக்கிறதில்ல, 0.25 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் வாங்கி கத்தியால கீறி உடைச்சு ஒட்டுவேன், 35-ஆல பெருக்கினா 9 மி.மீ. கிட்ட, நிஜத்துக்கு கச்சிதமா பொருந்துது. ஷீட் ரொம்ப மெல்லிசா இருக்கறதால பசை அதிகமானா உருகி அலையலையா ஆயிடும், அதனால பிரஷ் நுனியில ஒரே ஒரு சொட்டு எடுத்து மூட்டுல தொட்டா அதுவே உள்ள ஓடிடும். உள்சுவர மறக்காதீங்க, மேலேர்ந்து பார்க்கும்போது ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த சந்துதான் கன் டிரக்க கன் டிரக்கா காட்டுது.

அடுத்தது பின் ஸ்பிரிங். கிட்ல அது காலி லாரிக்கு இருக்கிற மாதிரி நல்லா வளைஞ்சு நிக்கும், மேல இரண்டரை டன் இரும்பு இருக்கறப்ப அப்படி நிக்காதுல்ல, அதனால பின் அச்ச ஒரு மி.மீ. போல மேல தூக்கி ஒட்டுங்க, டயரோட அடிப்பக்கத்த லேசா தேய்ச்சு தட்டையாக்குங்க, உடனே வண்டிக்கு எடை வந்துடும். கருப்ப அப்படியே அடிச்சா சின்ன மாடல்ல கரிக்கட்டை மாதிரி விவரம் எல்லாம் மறைஞ்சிடும், கொஞ்சம் சாம்பலும் துளி பழுப்பும் கலந்துக்கோங்க. எந்த வண்டிய செய்யறீங்களோ அதோட ஃபோட்டோவ தேதி பார்த்து எடுத்துக்கோங்க, ஏன்னா ஒரே வண்டி ஆறு மாசத்துல தகடும் துப்பாக்கியும் மாறி வேற வண்டியா நிக்கும்.

கடைசியா தூசி. பிளேய்கு பக்கம் எரிமலைப் பாறையில வந்த செம்மண், துரு நிறத்துல இருக்கும், அதனால பழுப்பு தூள் வேணாம், செங்கல் நிறத்துப் பொடிய எடுத்து டயர், சேஸ்ன்னு கீழேர்ந்து மேல ஏத்திட்டு, மீதிய பிரஷ்ல தட்டி அந்த ரெண்டு சுவருக்கு நடுவுல விழ விடுங்க, அங்க போன மண்ண எந்த டிரைவராலயும் கழுவ முடிஞ்சிருக்காது.