கேரண்டி பேங்குக்கு, கடன் உங்களுக்கு

போன வாரம் கோவை கணபதி பகுதியிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர் வந்தார். பம்ப் உதிரிபாகம் ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர், நல்ல உழைப்பாளி. கையில் பேங்க் அனுப்பிய நோட்டீஸ். சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவு, அதாவது கெடுவுக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் அடமானச் சொத்தைப் பேங்கே எடுத்துக்கொள்ளலாம். அறுபது நாள் கெடுவில் நாற்பத்தொரு நாள் போய்விட்டது. அதற்கு முன்னால் வந்த கடிதங்களையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். பாதியைப் பிரிக்கவே இல்லை.

"ஏனுங்கண்ணா, பிரிச்சுக்கூட பாக்கலையா?" என்றேன்.

"அது மோடி லோனுங்க சார். கவர்மென்ட்டே கேரண்டி குடுத்திருக்குது. அப்புறம் பேங்க்காரங்க எங்கிட்ட எதுக்குங்க கேக்கோணும்?"

கோவையில் இருபத்திரண்டு வருடமாக ஆடிட்டராக இருக்கிறேன். இந்தக் கேள்வியை 2021இலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். லேத் பட்டறை, பவுண்டரி, விசைத்தறி, பனியன் செக்கிங் யூனிட் என்று ஆட்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் கொரோனா ஊரடங்கின்போது அறிவித்த அந்த 20 லட்சம் கோடி. 2020 மே 12 அன்று பிரதமர் மோடி தொலைக்காட்சியில் தோன்றி, நாட்டின் மொத்த உற்பத்தியில் 10 சதவீதம் அளவுக்கு ஊக்கத் தொகுப்பு என்று அறிவித்தார். மறுநாளிலிருந்து ஐந்து நாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதைப் பிரித்துச் சொன்னார். பிரதமர் பேசிய அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்ற ஆரம்பித்தது. 20 லட்சம் கோடியை 130 கோடி பேருக்கு வகுத்தால் தலைக்குப் பதினைந்தாயிரம் சொச்சம். "எங்க காசு எங்கே?" என்று ஒரு தரப்பு. "தலைக்குப் பதினைஞ்சாயிரம் குடுத்திருக்காரு" என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் ஒரே தப்பைத்தான் செய்தார்கள். அந்தத் தொகையை வகுக்கவே கூடாது.

ஏன் என்று பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. அறிவித்த மொத்தக் கணக்கு 20,97,053 கோடி. அதில் 8,01,603 கோடி ரிசர்வ் வங்கியின் நடவடிக்கைகள். அதாவது பேங்குகளிடம் கடன் கொடுக்கப் பணம் தாராளமாக இருக்கும்படி செய்தது. அரசு கஜானாவிலிருந்து யார் கைக்கும் அது வரவில்லை. 3 லட்சம் கோடி, சிறு தொழில்களுக்கான அவசரக் கடனுக்கு அரசு கொடுத்த உத்தரவாதம். பட்டறைக்காரர் சொன்ன "மோடி லோன்" இதுதான். அரசு எடுத்துச் செலவழித்த பணமும் இருந்தது: ரேஷனில் 80 கோடிப் பேருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ இலவச தானியம், ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய், நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி. அரசு செலவழிப்பது, வரியை விட்டுக்கொடுப்பது, கடன் கொடுக்கச் சொல்வது, கடனுக்கு ஜாமீன் நிற்பது, தவணையைத் தள்ளிவைப்பது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரே தொகையாகச் சொன்னால், கேட்பவர் எல்லாமே மானியம் என்றுதான் நினைப்பார். அந்தப் பட்டறைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஜாமீன் என்றால் என்ன என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் மச்சான் வாங்கிய கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறீர்கள். மச்சான் கட்டவில்லை என்றால் கடன் கொடுத்தவர் உங்களிடம் வருவார். அதனால் மச்சான் கடன் தீர்ந்துவிடுமா? பேங்குக்கு நஷ்டம் வராமல் அரசு ஈடுகட்டும் என்பதுதான் அந்தத் திட்டம். பேங்க் பயப்படாமல் கடன் கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பேங்குக்குக் கொடுத்த வாக்கு அது. உங்களுக்கு அரசு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அரசிடமிருந்து பேங்க் பணம் வாங்கிக்கொண்ட பிறகும் உங்களிடம் வசூலிக்கும் வேலை நிற்காது. உங்கள் சிபில் ஸ்கோரும் விழும்.

இந்தப் பட்டறைக்காரருக்கு 2020 பிப்ரவரி 29 நிலவரப்படி 40 லட்சம் பாக்கி இருந்தது. அதில் 20 சதவீதம், 8 லட்சம் அவசரக் கடன். பேங்க் வாங்கக்கூடிய வட்டிக்கு உச்சவரம்பு 9.25 சதவீதம். முதல் பன்னிரண்டு மாதம் அசல் கட்ட வேண்டாம், மாதம் ஆறாயிரம் சொச்சம் வட்டி மட்டும். அதற்குப் பிறகு முப்பத்தாறு மாதத்துக்குச் சுமார் 25,500 தவணை. முதல் வருடம் லேசாகப் போனது. தவணை நான்கு மடங்காக ஏறிய நேரத்தில் ஆர்டர் குறைந்தது. நிறுத்திவிட்டார். 8 லட்சம்தானே, அதுவும் அடமானம் இல்லாத கடன், போனால் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

இங்கேதான் எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வயிறு கலங்கும். வாராக்கடன் கணக்கு, கடனுக்குக் கடன் தனித்தனியாகப் போவதில்லை. கடன்தாரர் பெயரில் ஒரு கணக்கில் தொண்ணூறு நாளைத் தாண்டிப் பாக்கி விழுந்தால், அதே பேங்கில் அவருடைய எல்லாக் கணக்கும் வாராக்கடன்தான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அவருடைய சிசி கணக்கும் (தொழில் நடத்த வேண்டியபோது எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட் கடன்) சேர்ந்து விழுந்தது. அதற்கு அடமானம் பட்டறைக் கட்டடம். அடமானமே கேட்காமல் கொடுத்த 8 லட்சத்தால் பட்டறைக்கே ஆபத்து வந்து நிற்கிறது.

சரி, கட்சிகள் இதில் என்ன சொன்னார்கள்? என் அலுவலகத்துக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள். இரண்டு பக்கமும் உள்ளதைச் சொல்கிறேன்.

மந்த காலத்தில் ரொக்கமாக வாரி இறைப்பதில் பாரதிய ஜனதாவுக்குத் தயக்கம் உண்டு. அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 2008 உலக நிதி நெருக்கடியின்போது காங்கிரஸ் தலைமையிலான அரசு டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் அடுத்தடுத்து மூன்று தொகுப்புகள் அறிவித்தது. உற்பத்தி வரியை ஒரே அடியாக 4 புள்ளி குறைத்தது, பிறகு சேவை வரியையும் குறைத்தது. 2007-08இல் 2.5 சதவீதமாக இருந்த நிதிப் பற்றாக்குறை அடுத்த வருடம் 6 சதவீதமானது, அதற்கடுத்த வருடம் அதையும் தாண்டியது. வளர்ச்சி திரும்பியது, ஆனால் கூடவே விலைவாசியும் ஏறியது. சலுகைகளைக் காலத்தில் திரும்பப் பெறவில்லை என்பது பாஜகவின் குற்றச்சாட்டு. 2024 பிப்ரவரியில் மோடி அரசு நாடாளுமன்றத்தில் வைத்த வெள்ளை அறிக்கையிலும் அதைச் சொன்னார்கள். ஊரடங்கில் கடை மூடிக் கிடக்கும்போது கையில் ரொக்கம் கொடுத்தால் மக்கள் செலவழிக்க மாட்டார்கள், பூட்டி வைப்பார்கள் என்பது 2020இல் அவர்கள் வாதம். அதனால்தான் கடன், உத்தரவாதம், அப்புறம் சாலை, ரயில் என்று கட்டுமானச் செலவு. 2019 செப்டம்பரில் பொருளாதாரம் தளர்ந்தபோதும் கம்பெனி வரியை 30இலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்களே தவிர, கீழே கைக்குப் பணம் கொடுக்கவில்லை.

காங்கிரஸ் நேர் எதிர்ப்பக்கம் நின்றது. ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்குக் கொடுங்கள், அதில் 10,000 ரூபாயை உடனே கொடுங்கள் என்று 2020 மே மாதம் சோனியா காந்தி கேட்டார். ப. சிதம்பரம் தொகுப்பை வரி வரியாகப் பிரித்து, உண்மையான அரசுச் செலவு 1,86,650 கோடிதான், மொத்த உற்பத்தியில் 0.91 சதவீதம் என்று கணக்குச் சொன்னார். வாங்க ஆள் இல்லாதபோது பட்டறைக்காரனுக்குக் கடன் கொடுத்து என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பது அந்தப் பக்கத்துக் கேள்வி. என் மேசையிலிருந்து பார்த்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அதே காங்கிரஸ் 2008இல் பெரும்பாலும் வரிக் குறைப்பைத்தான் நம்பியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2020இல் அதிமுக அரசு கொடுத்த 1,000, எதிர்க்கட்சியாக இருந்த திமுக கேட்ட 5,000, ஆட்சிக்கு வந்து 2021இல் இரண்டு தவணையாகக் கொடுத்த 4,000, இவையெல்லாம் நேரடி ரொக்கம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

தொண்டர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஆளும் தரப்பு ஆட்கள் கடனை "மோடி குடுத்தது" என்று வீடு வீடாகச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு ஆட்கள் "எல்லாம் டுபாக்கூர், ஒண்ணுமே இல்லை" என்றார்கள். அந்தப் பேச்சும் கெடுதல் செய்தது. பல்லடத்தில் ஒரு தறிக்காரர், கையில் ஆர்டர் இருந்தும், "அந்தத் திட்டமெல்லாம் பொய்யிங்க" என்று 9.25 சதவீதக் கடனை விட்டுவிட்டு மீட்டர் வட்டிக்கு வாங்கினார். நாலு தறியை விற்றுத்தான் வெளியே வந்தார். ஆர்டர் இருந்தவர்களுக்கு அந்தக் கடன் உண்மையிலேயே கைகொடுத்தது. என்னிடம் வருகிறவர்களிலேயே சம்பளம் கொடுத்து ஆட்களைத் தக்கவைத்துப் பிழைத்துக்கொண்டவர்கள் நிறைய.

தள்ளுபடி வரும் என்ற நம்பிக்கை இன்னொரு வியாதி. 2008 பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தது. 2021 தேர்தலுக்கு முன் தமிழ்நாட்டில் 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. அதெல்லாம் விவசாயக் கடன். உங்கள் சிசி கணக்குக்கும் மெஷின் லோனுக்கும் அப்படி எதுவும் வரவில்லை. 2020இல் ஆறு மாதம் தவணையை ஒத்திவைத்தார்களே, அந்த மாதங்களுக்கான வட்டியை முழுக்கத் தள்ளுபடி செய்ய முடியாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வட்டிக்கு வட்டி மட்டும்தான் போனது.

இனி அடுத்த மந்தம் வரும்போது, எந்தக் கட்சி எந்தத் தொகுப்பை அறிவித்தாலும், தொகையைப் பார்க்காதீர்கள். வினைச்சொல்லைப் பாருங்கள். "வழங்கப்படும்" என்று போட்டிருக்கிறதா, "கடனாக வழங்கப்படும்" என்று போட்டிருக்கிறதா? சாங்ஷன் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் தமிழில் ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மகள் படித்திருந்தால் மகளிடம் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதல் தவணையைப் பார்த்து ஏமாறாதீர்கள், பதின்மூன்றாவது மாதத் தவணை எவ்வளவு என்று கேளுங்கள். ஆர்டர் இல்லாமல், தொழிலின் அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனக் கடன் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் கல்யாணம் வைக்காதீர்கள். "மோடி லோன் வாங்கித் தர்றேன், ரெண்டு பர்சென்ட் கமிஷன்" என்று வருகிறவனை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். கட்ட முடியவில்லை என்றால் முப்பதாவது நாளே பேங்குக்குப் போய்ச் சொல்லுங்கள். தொண்ணூறு நாளுக்குள் செய்ய வழி இருக்கிற பல காரியங்கள் தொண்ணூற்றொன்றாவது நாள் இல்லாமல் போய்விடும்.

பட்டறைக்காரருக்கு இப்போதைக்கு நோட்டீசுக்கு எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுத்திருக்கிறோம். பேங்க் பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். ஒரே தவணையில் தீர்க்க வாய்ப்பு கேட்டு ஒரு மனுவும் கொடுத்திருக்கிறோம். மனைவி நகையைக் கொண்டு வந்து மேசை மேல் வைத்தார், நான் எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன், முதலில் பேங்க் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்று.

உங்கள் வீட்டிலும் பிரிக்காத பேங்க் கடிதம் இருந்தால், தயவுசெய்து இன்று ராத்திரியே பிரியுங்கள். மேலே இருக்கும் தேதியைப் பாருங்கள். 13(2) என்று எழுதியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து நாளை எண்ணிவிட்டு, நாளைக் காலையிலேயே உங்கள் ஆடிட்டரையோ வக்கீலையோ பாருங்கள்.